வெள்ளை முகத்து ஆட்டின் ரத்தம்

ஜாரியா
8 நவம்பர் 1991

அன்புள்ள டேலு அக்காவுக்குத் தம்பி தாசியு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் லாரெயும் நலம். அங்கே குளிர் எப்படி? களைப்பு எப்படி? லவ்வாலி மச்சானின் முதுகுவலி எப்படி?

நான் வேலை பார்க்கும் கல்லூரிப் பண்ணையில் ஒரு சோதனை ஆரம்பித்திருக்கிறார்கள். அறுவடை முடிந்த சோளத்தட்டையை நறுக்கி, யூரியா கரைத்த தண்ணீரைத் தெளித்து, குழியில் மிதித்து மூடிவிடுகிறோம். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் தட்டை மெத்தென்று பழுப்பாக இருக்கிறது. காற்றில் ஆறவிட்டுக் கிடாக்களுக்குப் போடுகிறோம். ஒரு கூட்டத்துக்கு வெறும் தட்டை, ஒரு கூட்டத்துக்கு யூரியாத் தட்டை, இன்னொன்றுக்கு இரண்டு மடங்கு யூரியா. இந்தத் தீனி ரத்தத்தை என்ன செய்கிறது என்று பார்க்கக் கழுத்து நரம்பில் ரத்தம் எடுப்பது என் வேலை. கிடாக்கள் என்னைக் கண்டாலே மூலைக்கு ஓடுகின்றன. கட்டிய மனைவி லாரெயே என்னை "ரத்தக் காட்டேரி" என்று கூப்பிடுகிறாள்.

நீயும் செய்து பார். உரம் வாங்கிய மூட்டையில் கொஞ்சம் போதும். அளவைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். ஒன்று மட்டும் கவனம்: யூரியாவையோ அந்தத் தண்ணீரையோ ஆடு நேராக நக்கினால் வயிறு ஊதிச் செத்துப்போகும்.

மைரோ நலமா? தலைப்பிள்ளையின் பேரைப் பெற்றவள் சொல்லக் கூடாது என்கிற வழக்கம் உனக்குத்தானே, எனக்கில்லையே. அதனால் நான் ஆசைதீரச் சொல்கிறேன்: மைரோ, மைரோ, மைரோ. இதைப் படித்துக்காட்டும் ஜுபைரு வாத்தியாருக்கும், மாப்பிள்ளையாகப் போகிற அவர் தம்பி ஹருணாவுக்கும் என் சலாம்.

துஆவில் என்னை மறக்காதே.
தாசியு


துங்கர் ரிமி
15 டிசம்பர் 1991

தம்பி தாசியுவுக்கு, உன் அக்கா டேலு சொல்ல ஜுபைரு வாத்தியார் எழுதுறார். உனக்கும் லாரெக்கும் சலாம். நாங்க உயிரோட இருக்கோம், அதுக்கே அல்லாஹ்வைப் புகழணும். புழுதிக் காத்து ஆரம்பிச்சிடுச்சு.

குழி வெட்டியாச்சு. உன் மச்சான் ஒரு மண்வெட்டி மண்ணுகூட எடுக்கல. மேட்டுல உக்காந்துக்கிட்டு, "வயலுக்குப் போடற உரத்த வயித்துக்குப் போடறா, இனி ஆட்டுக்கு முதுகுல சோளம் முளைக்கும்"னு போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சிரிச்சாரு. போன வாரம் திறந்தோம். அந்த வாடை! பக்கத்து வீட்டுக்காரி கண்ணைத் துடைச்சிக்கிட்டு, "யார் வீட்டுல மையத்து?"ன்னு கேட்டுக்கிட்டே வந்துட்டா. முத நாள் ஆடுங்க முகத்தத் திருப்பிக்கிச்சு. மூணாம் நாள் சண்டை போட்டுத் திங்குதுங்க.

தம்பி, ஒரு ஆடு மட்டும் சரியில்ல. கண்ணச் சுத்திக் கறுப்பு இல்லாம முகம் முழுக்க வெள்ளையா இருக்குமே, அந்தப் பெட்டை ஆடு. கண் இமைக்கு உள்ள வெளுத்துக் கிடக்கு. மத்ததுங்க திங்கும்போது அது படுத்தே இருக்கு. ரத்தம் பத்தித்தானே இப்ப உன் வேலை? சொல்லு.

லாரெக்கு இந்த வருஷமாவது ஒரு பிள்ளை தங்க துஆ செய்யறேன்.
உன் அக்கா


ஜாரியா
10 ஜனவரி 1992

பாசமுள்ள அக்காவுக்கு சலாம். உன் கடிதத்தை லாரெக்குப் படித்துக்காட்டினேன். மச்சான் முதுகில் முதலில் சோளம் முளைக்கட்டும் என்கிறாள். நாங்கள் நலம்.

ரத்தத்தைப் பற்றிக் கேட்டாய். ஊசியைப்போல மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து ஒரு இயந்திரத்தில் வைத்துச் சுற்றுவோம். சிவப்பெல்லாம் அடியில் இறங்கிவிடும், மேலே மஞ்சள் தண்ணீர் நிற்கும். சிவப்பு எவ்வளவு உயரம் நிற்கிறதோ அவ்வளவு பலம். வெறும் தட்டை தின்கிற கிடாக்களுக்குச் சிவப்பு மெல்ல மெல்லக் கீழே போகிறது. யூரியாத் தட்டை தின்பவை அப்படியே பிடித்து நிற்கின்றன. ஆனால் இரண்டு மடங்கு போட்ட கூட்டம் சரியாகத் தின்பதில்லை. ரத்தமும் நீர்த்துப்போகிறது. ஒரு கிடா நேற்றுச் செத்தது. நீ அளவை மீறாதே.

வெள்ளை முகத்து ஆட்டுக்கு வயிற்றில் பூச்சி இருக்கும். நம் ஊருக்கு லாரி ஓட்டும் அவ்வலுவிடம் பூச்சிப் பொடி கொடுத்துவிட்டிருக்கிறேன். தண்ணீரில் கலக்கித் தொண்டைக்குள் ஊற்று. தேறாவிட்டால் நல்ல விலை வரும்போதே விற்றுவிடு. ஒரு நோஞ்சான் ஆட்டுக்காக மனசை அலைக்கழிக்காதே.

மைரோவின் கல்யாண நாள் குறித்தாயிற்றா? எனக்குப் புதுச் சட்டை தைக்க வேண்டும்.

எல்லோருக்கும் சலாம்.
தாசியு


துங்கர் ரிமி
9 பிப்ரவரி 1992

தம்பிக்கு அக்காவோட சலாம். வாத்தியார்தான் எழுதறார். ஆடுங்க நல்லா இருக்கு. குளிர் இந்தத் தடவ எலும்புக்குள்ள போகுது.

பொடி வந்துச்சு.

அந்த ஆடு பூச்சியால வெளுக்கல தம்பி. அது குட்டியா இருக்கறப்பவே இப்படித்தான். ஒவ்வொரு குளிருக்கும் படுத்துடும். முழங்காலும் மணிக்கட்டும் வீங்கும். கண்ணுல மஞ்சள் ஏறும். ராத்திரி பல்லக் கடிச்சிக்கிட்டுக் கிடக்கும், எனக்குக் கேக்கக் கூடாதுன்னு. தண்ணி தண்ணின்னு கேக்கும். குளிர் போனா எழுந்து ஒண்ணுமே நடக்காத மாதிரி தண்ணி எடுக்கப் போகும்.

பிறக்கும்போதே ரத்தம் கெட்டுப் பிறக்கறது உண்டா? அதைக் கிடாயோட சேக்கலாமா? குட்டி போடத் தாங்குமா? போட்டா அந்தக் குட்டி தங்குமா? விக்கச் சொல்லி எழுதாத.

சின்னப் பெருநாள் முடிஞ்ச அடுத்த வெள்ளிக்கிழமை கல்யாணம்னு பேசியாச்சு.

உன் அக்கா


ஜாரியா
16 பிப்ரவரி 1992

என் அக்காவுக்கு சலாம். உடம்பைப் பார்த்துக்கொள். நாங்கள் நலமாகத்தான் இருக்கிறோம்.

பொடியைக் கொடுக்காதே. நான் முட்டாள்தனமாக அனுப்பிவிட்டேன். அது நாலு கால் உள்ளவற்றுக்கு மட்டும். நாலு கால். வாத்தியாரே, இந்த வரியை அக்காவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டுங்கள்.

அந்த ஆட்டை விற்க வேண்டாம். யாரிடமும் அதைப் பற்றிப் பேசவும் வேண்டாம். அவ்வலுவின் லாரி திரும்பும்போது என்னிடம் அனுப்பி வை. மூட்டைகளோடு பின்னால் ஏற்றாதே. முன் இருக்கையில், ஜன்னலை மூடி, போர்வை போர்த்தி உட்கார வைத்து அனுப்பு. குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிடு. நான் சந்திப்பில் வந்து நிற்பேன்.

சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். ரத்தத்தைப் பார்க்காமல் எதுவும் சொல்ல மாட்டேன்.

தைரியமாக இரு அக்கா.
தாசியு


மலும்ஃபாஷி சந்தை
25 பிப்ரவரி 1992

தம்பி, சலாம். இது சந்தையில காசுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கற கிழவரோட கையெழுத்து. இவருக்கு என்னைத் தெரியாது, எனக்கும் இவரைத் தெரியாது. அதனால இன்னைக்கு வாய் திறக்குது.

என் பட்டியில வெள்ளை முகத்து ஆடே கிடையாது. உனக்குப் புரிஞ்சிடுச்சு. மைரோ. என் மக மைரோ. அவளப் பெத்த நாள்லேருந்து இந்தப் பேர நான் சொன்னதில்ல. கூப்பிடணும்னா "ஏய்"னு கூப்பிடுவேன், இல்ல கையத் தட்டுவேன். இப்பச் சொல்லிட்டேன். கிழவர் எழுதறத நிறுத்திட்டு என்னையே பாக்கறார். எழுதுங்க பாவா, எழுதுங்க.

மைரோவுக்கு அடுத்துப் பிறந்த ரெண்டு பையன்களும் இப்படித்தான் கண்ணு மஞ்சளாகிப் போனானுங்க. சூனியம்னாங்க, காத்துக் கருப்புன்னாங்க. இவ மட்டும் ஒவ்வொரு குளிரையும் தாண்டித் தாண்டி வந்துட்டா. நான் யார்கிட்டக் கேப்பேன்? ஊருல எழுதத் தெரிஞ்சவங்க ரெண்டே பேருதான், ஒருத்தர் மாப்பிள்ளையோட அண்ணன், இன்னொருத்தி அவளே. அவளைப் பத்தி அவ கையாலேயே எழுத வைப்பேனா?

பொடியக் கொடுக்கல. நாலு காலுக்கும் ரெண்டு காலுக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்? உன் மேலதான் கோபம் வந்துச்சு. "வித்துடு"ன்னு எழுதியிருந்தியே, அன்னைக்கு முழுக்கச் சோறு இறங்கல. உனக்குத் தெரியாதுதான், ஆனாலும்.

லாரெக்கு ஒத்தாசைக்குப் போறான்னு ஊருல சொல்லி அனுப்பறேன். முன் இருக்கையிலதான் வருவா.

அல்லாஹ் உன் கைக்கு நல்லது காட்டட்டும்.
டேலு


ஜாரியா
14 மார்ச் 1992

அக்காவுக்கு சலாம். நோன்பு எப்படிப் போகிறது? மைரோ எங்களோடு இருக்கிறாள். லாரெ காய்ச்சுகிற கூனு கஞ்சியில் சர்க்கரை போதாது என்று சண்டை போடுகிறாள். அந்த அளவுக்குத் தேறியிருக்கிறாள். இந்தக் கடிதத்தைச் சந்தைக் கிழவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்.

முதல் நாளே அவளைப் பண்ணைக்குக் கூட்டிப்போனேன். எல்லோரும் தொழுகைக்குப் போனதும் அவள் விரலில் குத்தி எடுத்த ரத்தத்தை, கிடாக்களின் குழாய்களுக்குப் பக்கத்தில் வைத்துச் சுற்றினேன். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். செத்துப்போன அந்தக் கிடாவுக்குக்கூடச் சிவப்பு இதைவிட உயரமாக நின்றது. நான் மறைப்பதற்குள் அவள் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"இதுதான் என்னுதா மாமா?"

"ம்."

"ஆட்டுக்கு இருக்கற அளவுகூட எனக்கு இல்லையா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நுண்ணோக்கி என்கிற பெரிய பூதக்கண்ணாடியில் பார்த்தார்கள். எல்லோருக்கும் ரத்தத்தின் சிவப்பு அணு உருண்டையாக இருக்கும். இவளுக்கு அரிவாள்போல வளைந்திருக்கிறது. அது ரத்தக்குழாயில் சிக்கிக்கொள்ளும்போதுதான் மூட்டு வலி. சீக்கிரம் உடைந்துபோவதால்தான் வெளுப்பு. இது சூனியமில்லை அக்கா. நீ ஊட்டியதில் குறையுமில்லை. உன் ரத்தத்தில் பாதி, மச்சான் ரத்தத்தில் பாதி. இருவருக்கும் வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு பாதியும் ஒரு பிள்ளையில் சேர்ந்தால் இப்படி. பையன்கள் போனதும் இதனால்தான். ஆட்டின் ரத்தத்தைத் தீனியால் ஏற்றுகிறேன், இறக்குகிறேன். இதைத் தீனியால் மாற்ற முடியாது. மாத்திரை இருக்கிறது, குளிர் படாமல், தண்ணீர் குறையாமல் காப்பாற்றலாம். குணமாகாது.

இனி நான் சொல்வதைக் கேள். ஹருணாவிடமும் அந்தப் பாதி இருந்தால், அவள் பெறுகிற பிள்ளைகளில் பாதிப்பேர் நம் பையன்களைப்போலத்தான். கல்யாணத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டில் சொல்லியாக வேண்டும். நானே வந்து சொல்லட்டுமா? நீ என்ன சொல்கிறாயோ அதன்படி.

உன் தாசியு


ஜாரியா
10 ஏப்ரல் 1992

அக்காவுக்கு சலாம். இதை யார் படித்துக்காட்டினாலும் சரி. நோன்பு முடிந்தது, பெருநாள் வந்து போனது, உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அவ்வலுவிடம் கேட்டால், "எல்லாரும் நல்லா இருக்காங்க" என்று லாரியைத் துடைத்துக்கொண்டே சொல்கிறான். முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறான். பேசி வைத்த வெள்ளிக்கிழமை இன்றுதான். மைரோ காலையிலிருந்து வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் என்ன சொல்ல?

நீ நலமாக இருந்தால் போதும்.
தாசியு


துங்கர் ரிமி
19 ஏப்ரல் 1992

மரியாதைக்குரிய தாசியு அவர்களுக்கு, ஜுபைரு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் இல்லத்தார் நலத்துக்கு இறைவனை வேண்டுகிறேன். தங்கள் அக்கா நலமாக இருக்கிறார். இந்தக் கடிதத்தை அவர் சொல்லி நான் எழுதவில்லை. "நீயே எழுது வாத்தியாரே. இதையும் நான் சொல்லி நீ எழுத வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாலு வீடு தள்ளி இருக்கிறவன் நான். அவர் பட்டியில் வெள்ளை முகத்து ஆடு இல்லை என்பது எனக்குத் தெரியாதா? இரண்டாவது கடிதத்தில், "தண்ணி எடுக்கப் போகும்" என்று அவர் சொன்னபோது தலைநிமிராமல் எழுதினேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஒருவர் நம்பிச் சொல்லி எழுதியதை இன்னொருவரிடம் கொண்டுபோவது முறையல்ல என்று நினைத்தேன். அவராகவே வருவார் என்றும் நம்பினேன். வராமல் போயிருந்தால் கல்யாணத்துக்கு முன் நான் வாய் திறந்திருப்பேனா என்று தினமும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். தெரியவில்லை.

ஆனால் அவர் வந்தார். பெருநாளுக்கு முந்தின நாள், எங்கள் வீட்டுப் பெண்கள் மாவு இடித்துக்கொண்டிருந்தபோது, நேராக என் அம்மாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"என் மகளுக்கு ரத்தம் சரியில்ல. பிறவியிலேயே. உங்க பையனோட ரத்தத்தையும் பாத்துடணும். பாக்காம கட்டி வச்சா, நான் புதைச்ச மாதிரி அவளும் புதைப்பா."

உலக்கைகள் நின்றன. "இதை இவ்வளவு நாள் ஏம்மா சொல்லல?" என்று அம்மா கேட்டார்.

"வாய் வரல" என்றார் உங்கள் அக்கா. அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

அப்பா அன்றைக்கே பேச்சை முறித்துவிடச் சொன்னார். ஹருணா கேட்கவில்லை, தானே பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தான். அவனிடமும் அந்தப் பாதி இருக்கிறது. திரும்பி வந்ததும் எங்கள் வீட்டுக்குக்கூட வராமல், நேரே உங்கள் அக்கா வீட்டுக்குத்தான் போனான். நான் பின்னாலேயே ஓடினேன்.

"எனக்குப் பிள்ளையே வேணாம் அத்தை. மைரோ போதும்" என்றான்.

உங்கள் அக்கா அவனுக்குத் தண்ணீர் கொடுத்து, அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். "இன்னைக்கு நீ வேணாம்னு சொல்லுவே. நாலு வருஷம் கழிச்சு உங்க அம்மா கேப்பாங்க. அப்ப என் மக தலைகுனிஞ்சு நிப்பா. வேணாம்ப்பா. போ" என்றார். எங்கள் அப்பா முறிப்பதற்கு முன் உங்கள் அக்காவே முறித்துவிட்டார்.

ஹருணா யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. மைரோவிடம் எப்படிச் சொல்வது என்பதைத் தாங்கள்தான் அறிவீர்கள்.

மன்னிக்கவும்.
ஜுபைரு


ஜாரியா
12 மே 1992

அக்காவுக்கு சலாம். உன் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்போல இருக்கிறது. அது நம் வழக்கமில்லை, ஆனாலும் இருக்கிறது.

வாத்தியாரின் கடிதத்தை மைரோவிடமே கொடுத்துவிட்டேன். பண்ணைக்கு எடுத்துப் போய், கொட்டகையில் உட்கார்ந்து படித்தாள். அன்றைக்குச் சோதனை முடிந்து கிடாக்களைக் கடைசியாக எடை பார்த்துக்கொண்டிருந்தோம். யூரியாத் தட்டை தின்ற கூட்டம் பளபளவென்று நின்றது. ரத்தத்திலும் குறையில்லை. சோதனையை நடத்தும் பெரியவர் சந்தோஷத்தில் எல்லோருக்கும் மெல்லுவதற்குக் கோலாக் கொட்டை கொடுத்தார். நான் வாயில் போட்டேன், மெல்ல முடியவில்லை.

சாயங்காலம் அவளே வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"மாமா, ஊருக்குப் போறேன்."

"இங்கேயே இரும்மா. ஆஸ்பத்திரி பக்கம். ஊர்ல நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க."

"பேசட்டும். நான் என்ன திருடிட்டா ஓடி வந்தேன், ஒளிஞ்சு கிடக்க?"

அடுத்த வாரம் வியாழக்கிழமை அவ்வலுவோடு வருகிறாள். ஆறு மாதத்துக்கு மாத்திரை கொடுத்திருக்கிறேன். காய்ச்சல் வந்தால் காத்திருக்காதே, உடனே லாரியில் ஏற்று. லாரெ அழுகிறாள்.

அவள் வந்து இறங்கும்போது, பேர் சொல்லிக் கூப்பிடு அக்கா.

தாசியு


துங்கர் ரிமி
2 ஆகஸ்ட் 1992

மாமாவுக்கும் லாரெ அத்தைக்கும் சலாம். அம்மா சொல்லச் சொல்ல இதை நான், மைரோ, எழுதுகிறேன். இங்கே மழை நல்லபடி பெய்கிறது. அங்கே எப்படி?

அம்மா சொல்வது: தம்பி, கோடை முழுக்க ஒரு ஆடுகூடச் சாகல. குழித் தட்டை முடியறதுக்கும் புல் முளைக்கறதுக்கும் சரியா இருந்துச்சு. எல்லா ஆட்டுக்கும் இமையத் திறந்து பாத்தேன், நல்ல சிவப்பு. இப்ப உன் மச்சான் சந்தையில நின்னு, "என் குழி, என் யோசனை"ன்னு பேசறாரு. இந்த வருஷம் குழி வெட்ட மண்வெட்டிய அவர் கையிலதான் கொடுக்கப் போறேன்.

இது நான் எழுதுவது: அம்மா மேலே சொன்னதோடு நிறுத்தச் சொன்னாள். ஆனால் ஜூலையில் எனக்கு வந்ததையும் எழுத வேண்டும். நெஞ்சில் வலி. மூச்சு விட முடியவில்லை. அவ்வலு லாரியைச் சேற்றில் ஓட்டிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரியில் ஆறு நாள். அப்பாவின் ரத்தம் எனக்குச் சேர்ந்தது. ஒரு பாட்டில் கொடுத்தார். கொடுத்துவிட்டு வெளியே போய் அழுதாராம். இப்போது நடக்கிறேன். தண்ணீர் எடுக்க மட்டும் அம்மா விடுவதில்லை. ஹருணாவுக்கு வேறு ஊரில் பெண் பார்த்திருக்கிறார்கள். வழியில் பார்த்தால் சலாம் சொல்கிறான். நானும் சொல்கிறேன்.

அம்மா சொல்வது: உன் பண்ணை டாக்டருங்ககிட்ட, ஆஸ்பத்திரியில எல்லாருகிட்டயும் நல்லா விசாரிச்சு, உள்ளது உள்ளபடி எழுது. இப்படிப்பட்ட பிள்ளைங்க எத்தன வயசு வரைக்கும் இருக்கும்? என் மக எத்தன நாள் இருப்பா?

இதை எழுத வேண்டாம் என்று இரண்டு முறை அழிக்கச் சொன்னாள். பிறகு, "எழுது, எனக்குத் தெரியணும்" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். எழுதிவிட்டேன் மாமா.

பதிலை என் பேருக்கே போடுங்கள். உள்ளது உள்ளபடியே எழுதுங்கள், எதையும் குறைக்க வேண்டாம். அம்மாவுக்கு நான் படித்துக்காட்டுகிறேன். எப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரியும்.

மைரோ